பொய்யர்களுக்குச் செய்த தராசு

அட்டைப்பெட்டிகள் பேசும் பேச்சை நம்பினால் உலகத்தில் பல்வலி இருக்காது, வழுக்கை இருக்காது, வைஃபை எட்டாத மூலை என்று ஒன்று இருக்கவே இருக்காது. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே காது தடித்துப்போன ஒருவர் இருந்தார். பெரிய மின்சாதனக் கடை ஒன்றின் கடைக்கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில், ‘திருப்பித் தரும் பொருட்கள்’ என்று பலகை தொங்கும் மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். வாங்கும்போது பல்லெல்லாம் தெரிய முன்வாசலில் வெளியேறியவர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேரும் இடம் அது.

கடையில் அவருக்குக் ‘கழித்தல்’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் காதுக்குள் அனுமதிப்பார். கனமழை வரும் என்று செய்தியில் சொன்ன அன்று குடையில்லாமல் போய்த் தொப்பலாக நனைந்து வந்தார். தும்மிக்கொண்டே, “கனமழைன்னான். வந்தது வெறும் மழைதானே?” என்றார். அவருக்கு அதில் வெற்றிதான்.

அந்த மேசைக்கு அதிகம் திரும்பி வருபவை தொலைதூர வைஃபை ஆண்டெனாக்கள்.

“அண்ணே, முப்பது டெசிபல்னு போட்டிருக்கு. பக்கத்து ரூமுக்கே எட்டலை.”

“நீளம் எவ்வளவு இருக்கும்?”

“ஒரு முழம் இருந்தா அதிகம்.”

“ஒரு முழக் குச்சிக்கு ஏழெட்டு வந்தாலே புண்ணியம். மீதியெல்லாம் பெட்டி அச்சடிச்சவன் போட்டுக் கொடுத்தது.”

“அப்போ இந்தப் படத்துல மலையைத் தாண்டி சிக்னல் போகுதே?”

“மலை மட்டும் நிஜம்.”

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆண்டெனா சக்தியை உண்டுபண்ணுவதில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் தூரமாகப் பாய்கிறது; அதற்காகத் தொட்டியில் தண்ணீர் கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அந்த அமுக்கலுக்குத்தான் டெசிபலில் கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் அந்தத் திசையில் சக்தி இரட்டிப்பு. தூரம் இரட்டிக்க வேண்டுமென்றால் ஆறு வேண்டும். அமுக்க அமுக்கப் பீச்சு மெலிந்துகொண்டே போகும். தூரமாகவும் போக வேண்டும், எல்லாப் பக்கமும் நனைய வேண்டும் என்றால் நடக்காது. பெட்டியின் முன்பக்கம் இருபத்து நாலு என்று கொட்டை எழுத்தில் கத்தும். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், அறுபது டிகிரி அகலம் என்று ஒப்புக்கொள்ளும். இந்த இரண்டும் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. கழித்தல் முதலில் உருவத்தைப் பார்ப்பார், பிறகு அந்த எறும்பு எழுத்தைத் தேடுவார். அதோடு பாதிப் பொய்கள் மேசையிலேயே செத்துவிடும்.

மீதிப் பாதிக்குக் கடையின் மொட்டைமாடி. அங்கே ஒரு மரச்சட்டத்தில் பள்ளம் ஒன்று செதுக்கி வைத்திருந்தார். ஆண்டெனாவின் காம்பை அதில் இறக்கினால், தூரத்தில் தெரியும் குடிநீர்த் தொட்டியின் மேல் உள்ள வைஃபை பெட்டியை அது நேராகப் பார்க்கும். முதலில் ‘சத்தியவான்’ ஏறும். அது பழைய ஆண்டெனா. எத்தனை டெசிபல் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. கணினியில் கோடு எவ்வளவு உயரம் போகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு குற்றவாளி ஏறும். இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சத்தியவானின் கணக்கோடு கூட்டியோ கழித்தோ தீர்ப்பு. கூட்ட நேர்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. பத்து வருஷமாக அந்தப் பள்ளத்தில் ஏறிய எந்தப் பெட்டியும் பாதி மானத்துக்கு மேல் மிச்சத்தோடு இறங்கி வந்ததில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒருநாள் மகள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, இவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“அணையில தண்ணி அளக்கறேன்.”

“எப்படிப் போகுது?”

“ஏறும். இறங்கும்.”

அவ்வளவுதான். சம்பளம், படிப்பு, மாமன் மச்சான் பெருமை எதுவும் வாயிலிருந்து வரவில்லை. கழித்தல் தவித்துப்போனார். பெரிதாகப் பேசுகிற ஆளாக இருந்தால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டிருப்பார். சொல்லாததில் எதைக் கழிப்பது? சைபரில் கழித்தால் சைபருக்குக் கீழேதான் வரும். அவர் கணக்கில் மாப்பிள்ளை அந்தச் சைபருக்குக் கீழேயே தங்கிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் மாமனாரும் மாப்பிள்ளையும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டைக்கும் நாலு வார்த்தை வேண்டுமே. சேதியெல்லாம் மாமியார் வழியாகத்தான் போய் வரும். எந்தக் கேபிளாக இருந்தாலும் வழியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

மகள் நீர்த்தேக்கத்தின் அக்கரையில் அணை ஊழியர் குடியிருப்புக்குப் போனாள். தண்ணீருக்கு மேல் நேர்கோட்டில் பார்த்தால் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பேருந்தில் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள், அதுவும் எலும்பெல்லாம் இடம் மாறிய பிறகு. கைப்பேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. அணையின் படிக்கட்டு உச்சியில் மட்டும் கொஞ்சம் தட்டுப்படும்.

இப்போது அவள் வயிற்றில் பிள்ளை. போன தடவை தங்கவில்லை. அதனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படுத்தே இருக்க வேண்டும், அந்தச் சாலையில் கால் வைக்கவே கூடாது. குடியிருப்பில் ஊழியரும் மனைவி மக்களும் தவிர யாரும் இரவு தங்கக் கூடாது என்பது அணையின் சட்டம். அம்மா இரண்டு தடவை காலையில் போய், மகளின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிப் பேருந்தில் திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போனால் மகளுக்குத் துணை மின்விசிறிதான். மருந்தகத்து நர்ஸ் தினம் ஒரு முறை எட்டிப் பார்ப்பார். சாயங்காலம் மாப்பிள்ளை அணைப் படியேறிப் போய், கைப்பேசியில் மாமியாரிடம் “நல்லா இருக்கா அத்தை” என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

அம்மாவுக்கு வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். மதியம்வரை ஊரார் பிள்ளைகளைத் தூங்கப் போடுவாள். வீட்டுக்கு வந்ததும் தன் பிள்ளை என்ன செய்கிறாளோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“நல்லா இருக்கான்னுதான் சொல்றாரே?” என்பார் கழித்தல்.

“நீங்க எல்லாத்துலயும் பாதி கழிப்பீங்களே, இதுல மட்டும் ஏன் கழிக்க மாட்டேங்கறீங்க?”

அவர் கழித்திருந்தார். அதனால்தான் இரவுச் சாப்பாட்டை அவரும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என்ன யோசித்தாரோ, ஒரு ஜோடி கம்பி ஆண்டெனாவை வரவழைத்தார். கம்பிகளை வளைத்து அடுக்கிய, முறம்போன்ற பெரிய வட்டில். ஒன்றைத் தன் கூரையில் மாட்டினார். மாமனார் வீட்டு மாடியில் இருக்கும் மஞ்சள் தண்ணீர்த்தொட்டியை, நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத் தொலைநோக்கியில் தேடிப் பிடித்து, அந்த மஞ்சள் புள்ளியை நோக்கி முடுக்கி வைத்தார். இன்னொன்றைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, படியேறிப் போய்ப் பேசினார்: “அத்தை, அது ரொம்ப மெல்லிசாத்தான் பாக்கும். மாமாவ மெதுவா, மெதுவாத் திருப்பச் சொல்லுங்க.”

அத்தை சொன்னாள்: “மெதுவாத் திருப்பணுமாம்.”

“எனக்கே பாடமா?” என்றார் மாமா.

பெட்டியில் இருபத்து நாலு டெசிபல் என்று போட்டிருந்தது. அவர் அதை வீட்டு மாடிக்குக் கொண்டுபோகவில்லை. கடை மாடிக்குக் கொண்டுபோனார். விசாரணை இல்லாமல் எதையும் வீட்டுக்குள் சேர்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை. உருவம் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய வட்டிலுக்கு இருபத்து நாலு நம்பக்கூடியதே. எறும்பு எழுத்திலும் எட்டு டிகிரி அகலம் என்றுதான் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பேச்சுப் பேசும் பெட்டியைப் பார்த்துக் கொஞ்சம் ஆடிப்போனார். பிறகு அதைப் பள்ளத்தில் இறக்கினார். கோடு எழவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார்: நாலு.

இருபத்து நாலு என்று சொல்லிவிட்டு நாலு! இவ்வளவு பெரிய பொய்யை அந்த மாடி கண்டதில்லை. அவருக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதில் மட்டும் அவர் எதையும் கழிக்கவில்லை.

“மாப்பிள்ளை நல்லா ஏமாந்துட்டார்” என்று சட்டையைக் கழற்றும்போதே அறிவித்தார்.

“அவரா?” என்றாள் மனைவி.

“பின்ன, பெட்டியா ஏமாந்துச்சு?”

“அவர் ஏமாந்த மாதிரி பேசலையே.”

“அவர் எப்போ பேசினார்?”

கம்பி ஆண்டெனா மாடிப்படிக்கு அடியில் போய் ஒதுங்கியது. கழித்தல் தன் கையால் சோதித்து, பத்து டெசிபல் என்று தானே சான்று கொடுத்த ஒரு தட்டை ஆண்டெனாவை மாட்டினார். பத்துதான், ஆனால் யோக்கியமான பத்து. அக்கரை தட்டுப்பட்டது. மகளின் முகமும் வந்தது, தவணை முறையில். நெற்றி வரும், வாய் வராது. வாய் வந்து சேரும்போது பேச்சு முடிந்திருக்கும்.

“அப்பா... தலை... எண்... வெச்...”

“என்னம்மா?”

“...ணெய்.”

இதற்கே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று மூவரும் அதையே வைத்து ஓட்டினார்கள்.

பிறகு ஒரு மதியம். அம்மா வேலையிலிருந்து வந்து இணைப்பைப் போட்டாள். மகள் திரையில் சிரித்தபடி வந்து, அப்படியே உறைந்து நின்றாள். இது வழக்கம்தான், தானாகச் சரியாகும். சிரித்த முகம்தானே, இருக்கட்டும் என்று அதைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அந்தச் சிரிப்புக்குக் கதையெல்லாம் சொன்னாள்.

அந்த நேரத்தில் அக்கரையில் மகள் வலியில் சுருண்டு, “அம்மா, அம்மா” என்று அழைத்துக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக நர்ஸ் வரும் நேரம் அது. ஊசி போட்டு, கால் மாட்டில் தலையணை வைத்து, வலி அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை படியேறிச் சொன்னபோதுதான் இக்கரைக்கே தெரிந்தது.

கழித்தல் கடையிலிருந்து வந்தபோது மனைவி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அவ அழுதுட்டிருந்திருக்கா. நான் அவ சிரிக்கறான்னு நினைச்சுப் பாத்திரம் தேய்ச்சுட்டிருந்தேன்.”

அதில் கழிக்க அவருக்கு எதுவும் அகப்படவில்லை. போய் விளக்கைப் போட்டார்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே மாடிப்படிக்கு அடியில் கடமுடா என்று சத்தம். மனைவி அந்தக் கம்பி வட்டிலை ஒவ்வொரு படியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அத எங்க தூக்கிட்டுப் போறே? அது நாலு டெசிபல்.”

“நாலோ நாப்பதோ, பிடிங்க அந்தப் பக்கம்.”

“நான் சோதிச்சாச்சு.”

“நீங்க தொட்டியப் பாத்துச் சோதிச்சீங்க. என் பொண்ணு தொட்டியிலயா இருக்கா?”

பிடித்தார். பொய் என்று கண்ணால் பார்த்தால் ஓய்ந்துவிடுவாள் என்ற எண்ணத்தில்தான் பிடித்தார். கம்பத்தில் மாட்டி, கேபிளைச் செருகி, கணினியைத் தொட்டி நிழலில் வைத்தார். அக்கரையைப் பார்த்து, பத்து வருஷத்துக் கைப்பழக்கத்தில், ஆண்டெனாவை இடமும் வலமும் சட்டென்று ஒரு வீசு வீசினார். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

“பாத்தியா?”

“தள்ளுங்க” என்றாள்.

அவள் கம்பத்தருகே போய் வட்டிலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். பிறகு திருப்பினாள். திருப்பினாள் என்று சொல்வதே தப்பு. காப்பகத்தில், தோளில் தூங்கிவிட்ட குழந்தையை மெத்தையில் இறக்கும்போது உடம்பு எப்படி நகருமோ, அப்படி நகர்ந்தாள். கை நகர்வதே தெரியவில்லை.

“இப்படித் திருப்பினா பொழுது போயிடும். சும்மா ஒரு வீசு வீசினா தெரிஞ்சுடும்.”

“நீங்க சிக்னலத் தேடறீங்க, வீசுங்க. நான் என் பொண்ணத் தேடறேன். அவசரத்துல அவளத் தாண்டிப் போயிட்டேன்னா?”

அவர் சலிப்போடு திரையைப் பார்த்தார். கோடு கொஞ்சம் தலை தூக்கியது. இறங்கியது. அதுபோல அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். மறுபடி தூக்கியது. அவள் இன்னும் ஒரு நூல் நகர்த்தினாள். கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. அந்தத் திரையில் அவர் பத்து வருஷமாகப் பார்க்காத உயரத்துக்குப் போய் நின்றது.

“நிறுத்து!” என்று கத்தினார். “ஆடாதே! மூச்சு விடாதே!”

“மூச்சு விடாம எப்படிங்க நிக்கறது?”

அவர் ஸ்பேனரோடு ஓடிவந்து மண்டியிட்டு, அவள் கைக்கு அடியிலேயே திருகாணிகளை முடுக்கினார். முடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. கணினி கோடு போட ஒரு கணம் பிடிக்கும். அதற்குள் அவர் வீச்சு அந்த மெல்லிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. பொய்யர்கள் எல்லாம் அகலமானவர்கள். எப்படி வீசினாலும் எங்காவது அகப்படுவார்கள். இதற்கு அந்த வேகம் ஆகாது.

திரையில் மகள் வந்தாள். நெற்றி, வாய், கழுத்தில் ஒட்டியிருந்த முடி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன.

“அம்மா! என்னம்மா இது, உன் மூக்குத்தி கூடத் தெரியுது!”

அம்மா திரையின் மேல் கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

“அம்மா, கைய எடு. எனக்கு உன் உள்ளங்கைதான் தெரியுது.”

கொஞ்ச நேரம் கழித்து மகளின் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருபது கிலோமீட்டர் தண்ணீர். இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் அதற்கு முன் இருந்ததே இல்லை.

கழித்தல்தான் ஆரம்பித்தார். “நான் கடை மாடியில வெச்சுப் பாத்தேன். நாலுதான் வந்துச்சு.”

மாப்பிள்ளை யோசித்தார். “எதைப் பாத்து வெச்சீங்க மாமா?”

“தண்ணித் தொட்டி மேல இருக்கற பெட்டிய.”

“அது முன்ன இருந்த இடத்துலயேதான் இருக்கா?”

கழித்தலுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு தொட்டிக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கும்போது மேலே இருப்பதையெல்லாம் இறக்கித்தானே அடிப்பார்கள்? அடித்த பிறகு எங்கே வைத்தார்கள்? அவருடைய பள்ளம் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அகலமான பொய்யர்களுக்கு அதனால் ஒரு டெசிபலோ இரண்டோ குறைந்திருக்கும். பொய்தானே என்று அவரும் விட்டிருப்பார். அந்தத் தராசில் அநியாயமாகத் தோற்பதற்கு நேர்மையான ஒன்று வந்து ஏற வேண்டியிருந்தது.

“இருக்காதுன்னு நினைக்கறேன்” என்றார் மெதுவாக. பிறகு, அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத ஒரு வாக்கியம் வந்தது. “நான்தான் தப்பா அளந்துட்டேன், மாப்பிள்ளை.”

“இல்ல மாமா. பெட்டியும் முழுசா உண்மை இல்ல. இருபத்து நாலுன்னு போட்டிருந்தான். நான் ரெண்டு கழிச்சு, இருபத்து ரெண்டு தேறும்னு நினைச்சுத்தான் வாங்கினேன்.”

“ரெண்டா?” கழித்தல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒண்ணரை கழிச்சாப் போதுமே.”

“கேபிள்ல ஒரு அரை போகுமே மாமா.”

“அட, ஆமா! கேபிள் எத்தனை மீட்டர் போட்டீங்க?”

மாப்பிள்ளை சொன்னார். அது ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது, வைஃபை பெட்டியையே கூரைக்கு எப்படித் தூக்கி வைத்தார், மழைக்கு எதைக் கவிழ்த்து மூடினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் அந்த மனிதர் கேபிளைப் பற்றியே பேசித் தீர்த்தார். கழித்தல் நடுநடுவே “சபாஷ்” போட்டார். வெயில் ஏறி, தொட்டியின் நிழல் சுருங்கி, கணினி சுட ஆரம்பித்தது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?” என்றாள் மனைவி. “பிள்ளைத்தாச்சியப் பாக்க மாட்டின கம்பி இது.”

அன்றிலிருந்து இணைப்பை யாரும் அணைக்கவில்லை. அம்மா காப்பகத்திலிருந்து வந்ததும் கூடத்து அலமாரியில் இருக்கும் திரையின் முன் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். இருவரும் பேசிக்கொள்வதும் உண்டு, பேசாமல் இருப்பதும் உண்டு. மகள் புரண்டு படுத்தால் அம்மா நிமிர்வாள். வலி வந்தால் முகம் சுளிக்கும்போதே தெரிந்துவிடும்; படிக்கட்டுக் காவல் அறைக்கு மாப்பிள்ளை ஒரு மணியும் இழுத்து வைத்திருந்தார், அம்மா இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே அடிக்கும்.

ஒரு மதியம் கழித்தல் சாப்பிட வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி உதட்டில் விரலை வைத்தாள். திரையில் மகள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். மூச்சு ஏறி இறங்குவதுகூடச் சுத்தமாகத் தெரிந்தது.

மகள் தூங்கப் போகும்போது அந்தப் பக்கத்து ஒலியை நிறுத்திவிடுவாள் என்பது கழித்தலுக்குத் தெரியும். இங்கே இடியே விழுந்தாலும் அங்கே ஒரு சத்தம் போகாது. அதை அவர் நன்றாக அறிவார். அந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

இருந்தாலும் அவர் நுனிக்காலில் நடந்து சமையலறைக்குப் போனார். தட்டைப் பூனைபோல எடுத்தார். கரண்டி சட்டியில் படாமல் பரிமாறிக்கொண்டார். தண்ணீர்ச் செம்பை மேடையில் வைக்கும்போது அது டொக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டது. பதறிப்போய்த் திரும்பி, நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் தூங்கும் மகளைப் பார்த்தார்.

அவள் அசையவில்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.